இரவல் கிலோ

ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பையன் ‘சைடுக்கு இருபது அடிச்சேன்’ என்று சொன்னால், புதுச்சேரியின் அரியாங்குப்பத்தில் அவன் வயதுப் பையன்கள் யாரும் விளக்கம் கேட்பதில்லை. ராடின் இரு முனையிலும் 20 கிலோ பிளேட் மாட்டி, பெஞ்சில் மல்லாந்து படுத்து, நெஞ்சுவரை இறக்கி மேலே ஏற்றிவிட்டான் என்று அர்த்தம். அந்த எண் அன்று மாலையே டீக்கடைக்குப் போகும். இரவுக்குள் பாட்டுச் சேர்த்த காணொளியாகக் கைப்பேசிகளில் ஓடும். காணொளியை நடுவில் நிறுத்திப் பார்த்தால் சட்டகத்தின் மேல்விளிம்பில் இன்னொரு ஜோடிக் கைகள் தெரியும். ராடைச் சுற்றி வளைந்த விரல்கள், புடைத்த முன்கை நரம்பு. அவை மாஸ்டருடையவை.

சட்டகத்துக்கு வெளியே அவர் ஒரு வசனமும் பேசிக்கொண்டிருப்பார். “நான் தொடவே இல்லடா, எல்லாம் நீதான், இன்னும் ஒண்ணு!” கடலூர் சாலையோர மாடி ஜிம் தொடங்கிக் குளிரூட்டிய சங்கிலிக் கிளைவரை, தமிழ் பேசும் ஜிம் அத்தனையிலும் ஒலிக்கும் வசனம் இது.

இப்படிப் புதியவரை அவர் சக்திக்கு மிஞ்சிய எடையின் கீழ்ப் படுக்கவைத்துத் தலைமாட்டில் நின்று தூக்கிவிடுவதற்கு ஜிம் வட்டாரத்தில் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு முதல் எதிரி பயம். முகத்துக்கு மேலே இரும்பு தொங்கும்போது கை நடுங்கத்தான் செய்யும். கனமான ராடு ஒன்று நெஞ்சைத் தொட்டுத் திரும்பிப் போவதை உடம்பு ஒருமுறை அனுபவித்துவிட்டால் பயம் விலகும், தைரியம் வரும், தைரியத்தின் பின்னாலேயே பலமும் வரும் என்பது அந்த நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ‘மேக்ஸ்’, அதாவது தூக்க முடிந்த உச்ச எடை, பார்ப்பது, அதைப் படம் பிடிப்பது, போன வார எண்ணோடு ஒப்பிடுவது என்று அதன்மேல் ஒரு சடங்கே வளர்ந்துவிட்டது.

பெஞ்ச் பிரஸ்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. நெஞ்சு, முன்தோள், பின்கை மூன்றுக்கும் ஒரே அசைவில் வேலை கொடுக்கும் பயிற்சி. கற்பதும் எளிது, அளப்பதும் எளிது. நிற்கவே முடியாதவர்களுக்கும் அது முழு விளையாட்டாக இருக்கிறது: பாராலிம்பிக் பளுதூக்கல் என்பதே பெஞ்ச் பிரஸ்தான். 2004 ஏதென்ஸில் ராஜிந்தர் சிங் ரஹேலு வெண்கலம் வென்றது அதில்தான். தமிழ்நாட்டின் கஸ்தூரி ராஜாமணி 2024 பாரிஸில் களம் இறங்கியதும் அதில்தான். தலைமாட்டில் ஒரு ஆள் நிற்பதும் அவசியம். பெரும்பாலான உள்ளூர் பெஞ்சுகளில் ராடைத் தாங்கும் இரண்டு கொம்புகள் மட்டுமே உண்டு, விழும் ராடைப் பிடித்துக்கொள்ளும் பக்கக் கம்பிகள் இல்லை. ஒரே மாஸ்டர் இருபது பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், அந்தக் கைகள் ராடின்மேல் என்ன செய்கின்றன என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

நிற்பது வேறு, தூக்கிவிடுவது வேறு. வழக்கத்தை ஆதரிப்பவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். சில சமயம் ஆராய்ச்சியையும் துணைக்கு அழைக்கிறார்கள். 2019இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு அவர்களுக்குப் பிடித்தமானது. ஏற்கெனவே பயிற்சி செய்துவந்தவர்களை ஒரே எடையில், முடியாத கட்டம்வரை, இரண்டு நாட்களில் பெஞ்ச் செய்யவைத்தார்கள். ஒருநாள் உதவியாளர்கள் கண்ணுக்குத் தெரியும்படி நின்றார்கள். இன்னொரு நாளும் இருந்தார்கள், ஆனால் மறைப்புக்குப் பின்னால். தூக்கியவர்களுக்கு அது தெரியாது. ஆள் கண்ணுக்குத் தெரிந்த நாளில் கூடுதல் தடவை தூக்கினார்கள், களைப்பு குறைவாகத் தெரிந்தது, தன்னால் முடியும் என்ற எண்ணமும் உயர்ந்திருந்தது. ‘பார்த்தீர்களா, உதவியாளர் இருந்தால் தைரியம் வருகிறது’ என்பார்கள். வருகிறதுதான். ஆனால் அந்த உதவியாளர்கள் ராடைத் தொடவில்லை. எண்ணப்பட்ட ஒவ்வொரு ரெப்பும் படுத்திருந்தவர் தன் கையால் தூக்கியது. ஆள் நின்றாலே போதும், கை தேவையில்லை என்றுதான் அந்த ஆய்வு காட்டுகிறது. இந்த வழக்கத்துக்கு எதிராக இதைவிட நல்ல சான்றை எதிர்த்தரப்பு தேடினாலும் கிடைக்காது.

கை பட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பெஞ்ச் பிரஸ்ஸில் ராடு மேலே போகும் பாதை முழுவதும் ஒரே அளவு கஷ்டமில்லை. நெஞ்சிலிருந்து கிளம்பும்போது ஓரளவு வேகம் இருக்கும். சில அங்குலம் ஏறியதும் அது தடுமாறி, நின்றே போவதுபோல ஆகும். அந்த இடத்தைக் கடந்துவிட்டால் கை நீள்வது சுலபம். பலம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தத் தடுமாறும் சில அங்குலத்தைக் கடக்கும் திறமைதான். மாஸ்டர் எங்கே கை வைக்கிறார்? மிகச் சரியாக அங்கே. எளிதான பகுதிகளைப் பையனிடம் விட்டுவிட்டு, அவன் கற்க வேண்டிய ஒரே பகுதியைத் தான் செய்து முடித்துவிடுகிறார். ஆறு மாதம் இப்படிப் பழகியவன் இறக்குவதில் தேர்ந்திருப்பான், கடைசியில் கையைப் பூட்டுவதிலும் தேர்ந்திருப்பான்; நடுவில் என்ன நடக்கிறது என்று அவன் நரம்புக்குத் தெரிந்திருக்காது. புதியவருக்கு நரம்புதான் முக்கியம். முதல் சில வாரங்களில் கூடும் பலம் தசை பருத்து வருவதல்ல, இருக்கும் தசையை நரம்பு ஒழுங்காக வேலைவாங்கக் கற்பதால் வருவது என்று மொரிதானியும் டிவ்ரீஸும் 1979இலேயே காட்டினார்கள். கற்கும் பருவத்தில் பாடத்தின் நடுப்பக்கத்தைக் கிழித்துவிடும் வழக்கம் இது.

முடியாத ரெப்பைப் பிறர் கையால் முடித்தால் கூடுதல் பலன் உண்டா என்று நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். 2007இல் எரிக் டிரிங்க்வாட்டரும் அவர் குழுவினரும், கூடைப்பந்து, கைப்பந்து ஆடும் 22 இளம் வீரர்களை ஆறு வாரம் பெஞ்ச் பிரஸ் செய்யவைத்தார்கள். உதவியோடு முடிக்கும் ரெப்புகள் சில குழுக்களுக்கு அதிகம், ஒரு குழுவுக்குக் குறைவு. முடிவில் எல்லாருக்கும் பலம் கூடியிருந்தது. உதவி ரெப் அதிகம் செய்தவர்களுக்கு அதனால் தனியாக எதுவும் கூடியிருக்கவில்லை. அவர்கள் தேர்ந்த விளையாட்டு வீரர்கள், பக்கத்தில் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். வேலை முடித்து இரவு எட்டு மணிக்கு, பரோட்டா செரிக்காத வயிற்றோடு பெஞ்சில் படுக்கும் புதியவருக்கு அது மட்டும் அமுதமாக வேலை செய்துவிடும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

பலன் இல்லாதது ஒருபுறம் இருக்கட்டும். கணக்கு பொய்யாகிறது என்பதுதான் பெரிய கேடு. அரியாங்குப்பத்துக்கு அருகே வீராம்பட்டினத்தில் ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடுகிறது. பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வந்து வடம்பிடித்துத் தொடங்கிவைத்த தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வந்து வடத்தைப் பிடிக்கிறார்கள், மறுநாள் நாளிதழில் ‘ஆளுநர் தேர் இழுத்தார்’ என்று படம் வருகிறது. ஆளுநருக்குத் தெரியும் தேரை இழுத்தது யாரென்று, ஊருக்கும் தெரியும். அதனால் யாரும் ஏமாறுவதில்லை. பெஞ்சில் படுத்திருக்கும் பையனுக்கு மட்டும் அது தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 60 கிலோவில் மாஸ்டர் பங்கு ஐந்தா, பதினைந்தா? அவருக்கே தெரியாது. முதல் ரெப்பில் விரல், மூன்றாவதில் உள்ளங்கை, ஐந்தாவதில் இடுப்பை வளைத்து இழுவை. அடுத்த வாரம் அதே 60 ‘லேசாக’ ஏறினால் பையன் வளர்ந்திருக்கிறானா, மாஸ்டர் அன்று நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருக்கிறாரா என்று பிரிக்க வழியில்லை. போதாக்குறைக்கு ராடின் எடையையும் பலர் சேர்ப்பதில்லை. போட்டி ராடு 20 கிலோ. உள்ளூர்ப் பட்டறையில் அடித்த ராடு அதில் பாதிகூட இருக்கலாம். ‘சைடுக்கு இருபது’ என்ற அந்த எண்ணுக்குள் நிச்சயமானது பிளேட்டில் வார்த்திருக்கும் எழுத்து மட்டுமே. அதையும் கடற்காற்று அரித்துக்கொண்டிருக்கிறது.

எண் பொய்யானால் விளையாட்டே அழியும் என்பதற்குப் பளுதூக்கலின் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. நின்றபடி தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளும் ‘பிரஸ்’ ஒருகாலத்தில் ஒலிம்பிக்கின் மூன்று தூக்குகளில் ஒன்று. வீரர்கள் மெல்ல மெல்ல இடுப்பைப் பின்னால் வளைக்கத் தொடங்கினார்கள். கடைசியில் நின்றுகொண்டே செய்யும் பெஞ்ச் பிரஸ்போல ஆகிவிட்டது. எது சரியான தூக்கு, எது இல்லை என்று நடுவர்களால் ஒத்துப்போக முடியவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அந்தத் தூக்கையே நீக்கிவிட்டார்கள். உலக சாதனைகள் படைத்த ஒரு கலையை, அதை நேர்மையாக எண்ண முடியவில்லை என்பதற்காக மூட்டை கட்டினார்கள். பெஞ்ச் பிரஸ்ஸுக்கும் அப்படி ஒரு நெருக்கடி வந்தது. முதுகை வில்லாக வளைத்து, ராடு சில அங்குலம் மட்டுமே நகர்ந்தால் போதும் என்ற நிலை வந்தபோது, சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு 2023இல் விதியைத் திருத்தியது: முழங்கையின் அடிப்பாகம் தோள்மூட்டின் மேல்மட்டத்துக்காவது இறங்கினால்தான் தூக்கு செல்லும். நெஞ்சில் ராடு அசையாமல் நிற்க வேண்டும், நடுவர் சொன்ன பிறகே மேலே தள்ள வேண்டும். உதவியாளர்கள் இரு பக்கமும் நிற்பார்கள். நடுவரின் தொடக்க ஆணைக்கும் முடிவு ஆணைக்கும் இடையில் தூக்கை எளிதாக்கும் விதமாக அவர்கள் விரல் ராடில் பட்டால் அந்தத் தூக்கு இல்லை, அவ்வளவுதான். கொம்பிலிருந்து ராடை எடுத்துக் கொடுப்பதற்கு மட்டும் அனுமதி உண்டு.

போட்டி விதியை மாடி ஜிம்முக்குக் கொண்டுவருவது அதிகப்படி என்று சொல்லலாம். பையன் ஒலிம்பிக் போகப் போவதில்லை, நாலு பேர் மத்தியில் தலைநிமிர்ந்து நிற்கத்தான் வந்தான். அவனுக்கு எதற்கு நடுவர்? தலைநிமிர்வுதான் குறிக்கோள் என்றால் விதி அவனுக்குத்தான் கூடுதலாகத் தேவை. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்று ஆல்பர்ட் பந்துரா 1977இல் எழுதியபோது, தானே செய்து முடித்த அனுபவத்தை மற்ற எல்லா ஊற்றுகளுக்கும் மேலே வைத்தார். பிறர் தட்டிக்கொடுப்பது, பிறரைப் பார்த்து உற்சாகம் கொள்வது எல்லாம் அதற்குக் கீழே. கூடவே ஒன்றையும் சொன்னார்: வெற்றி வெளியுதவியால் வந்தது என்று மனம் கணக்கு வைத்துக்கொண்டால் அந்த வெற்றி தன்னம்பிக்கையாக மாறுவதில்லை. மாஸ்டர் ‘தொடவே இல்ல’ என்று எத்தனை முறை சத்தியம் செய்தாலும் படுத்திருப்பவனின் உள்ளங்கை பொய் சொல்லாது. நின்றுபோன ராடு திடீரென்று லேசாகிறது என்பதை அது உணர்ந்துவிடும்.

மாஸ்டர் விடுப்பு எடுத்த நாளில் இதைப் பார்க்கலாம். 60 கிலோக்காரர்கள் அன்று பெஞ்சுப் பக்கம் போவதில்லை. ‘இன்னைக்கு செஸ்ட் இல்ல, கை’ என்பார்கள். இல்லாவிட்டால் மெஷினில் உட்கார்ந்துவிடுவார்கள். தப்பித்தவறி ஒருவர் படுத்து, 45 கிலோவிலேயே ராடு நின்றுபோய், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லி எழுந்தால், முகத்தில் இருப்பது களைப்பல்ல, அவமானம். சாப்பாடு சரியில்லை, தூக்கம் சரியில்லை என்று காரணம் தேடுவார். புரோட்டீன் மாவு டப்பாவின் விலையை விசாரிப்பார். 45தான் தன் உண்மையான எடை, அதில் ஒரு வெட்கமும் இல்லை என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை; சொல்ல வேண்டியவர்தான் 60 என்று நம்பவைத்தவர். பயத்தைப் போக்குவதாகச் சொல்லித் தொடங்கிய வழக்கம், மாஸ்டர் இல்லாவிட்டால் பயம் என்ற புது வியாதியில் கொண்டுபோய் விடுகிறது.

தோற்பது எப்படி என்று யாரும் கற்றுத்தராததுதான் அந்த பயத்தின் வேர். ராடு ஏறாவிட்டால் என்ன செய்வது? முதல் நாள் முதல் பாடம் இதுவாக இருக்க வேண்டும். வெறும் ராடோ லேசான எடையோ இருக்கும்போது, அதை நெஞ்சில் இறக்கி, மெல்ல வயிற்றுப் பக்கம் உருட்டி, எழுந்து உட்காரப் பழகவேண்டும். கட்டை விரலை ராடைச் சுற்றிப் பூட்டவேண்டும். புதுச்சேரி வெயிலில் வியர்த்த உள்ளங்கையில் கட்டை விரல் சுற்றாத ராடு நழுவினால் விழுமிடம் நெஞ்சோ கழுத்தோதான். கனம் கூடும்போது பக்கக் கம்பி உள்ள சட்டத்துக்குள் படுக்கவேண்டும். அது இல்லையென்றால் ஆள் இல்லாமல் படுக்கவே கூடாது. முடியாது என்று தெரியும் ரெப்புக்கு ஒன்றிரண்டு முன்பே நிறுத்துவது கோழைத்தனம் அல்ல என்பதும் இந்தப் பாடத்தில் சேர்த்திதான். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியின் பாரா பளுதூக்கலில் ஹரியானாவின் சுதிர் இரண்டாவது முயற்சியில் 212 கிலோ தூக்கி 134.5 புள்ளியோடு தங்கம் வென்றார். மூன்றாவது முயற்சியில் 217 கேட்டார், ஏறவில்லை. உலகம் பார்க்க ஏறவில்லை. பதக்கத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அவருக்கு அது தோல்வியைவிட ஒரு தகவல்: இன்றைய எல்லை 212க்கும் 217க்கும் நடுவில் இருக்கிறது. மாஸ்டரின் கை அந்தத் தகவலைப் புதியவருக்குக் கிடைக்காமல் செய்துவிடுகிறது.

பாதுகாப்புக்காகத்தான் கை வைக்கிறோம் என்ற வாதமும் ஆராய்ந்தால் நிற்காது. 45 கிலோ தூக்குபவர்மேல் 60 ஏற்றினால் மீதி 15 கிலோ யாரோ ஒருவர் முன்னால் குனிந்து, விரலால் பிடித்த பிடியில் தொங்குகிறது. அவர் அன்று அது மாதிரி முப்பது பேருக்குப் பிடித்திருப்பார். கண் ஒன்று ஸ்குவாட் போடும் இன்னொருவர் மேல் இருக்கும். அந்தப் பிடி நழுவும் கணத்தில் படுத்திருப்பவருக்குத் தன் சக்தியில் மீள வழியே கிடையாது. 45 மாட்டி, மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் இந்த ஆபத்து எழவே எழாது. ஆபத்தை உண்டாக்கிவிட்டு அதிலிருந்து காப்பாற்றுவதைச் சேவை என்று எப்படிச் சொல்வது?

சரி, பிறகு ஏன் இது இவ்வளவு பரவியது? பாதிக் காரணம் வியாபாரம். சந்தா கட்டியவர் இரண்டாம் மாதமும் கட்ட வேண்டும்; அதற்கு முதல் மாதத்திலேயே எண் ஏறியாக வேண்டும். நேர்மையாகக் கற்பித்தால் முதல் மாதம் பார்க்கச் சுவாரசியமே இருக்காது: தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்துப் பெஞ்சில் அழுத்துவது, பாதத்தைத் தரையில் ஊன்றுவது, மணிக்கட்டு மடங்காமல் ராடை உள்ளங்கையின் அடிமேட்டில் வைப்பது, கழுத்துப் பக்கம் போகாமல் நெஞ்சின் கீழ்ப்பகுதிக்கு இறக்குவது, முழங்கையைச் சிலுவைபோல விரிக்காமல் கொஞ்சம் உடம்போடு அணைப்பது. இதற்கெல்லாம் வெறும் ராடு போதும். வெறும் ராடை யார் படம் பிடிப்பார்கள்? காணொளியில் 60 இருந்தால் நண்பர்கள் நாலு பேர் சேர வருவார்கள். ஆக, பையனின் நெஞ்சுமேல் ஏற்றப்படும் அந்தக் கூடுதல் 15 கிலோ உண்மையில் ஜிம்மின் விளம்பரச் செலவு. சில மாஸ்டர்கள் நல்லெண்ணத்தோடும் இதைச் செய்கிறார்கள், தங்களுக்கு அப்படித்தான் கற்பிக்கப்பட்டது என்பதால். ஆனால் நல்லெண்ணத்தில் வைத்த கையும் ராடின் எடையைக் குறைக்கத்தான் செய்கிறது.

மீதிப் பாதிக் காரணம் ஓர் இரும்புத் துண்டு. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி பல உள்ளூர் ஜிம்களில் இல்லை. இருந்தாலும் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். அங்கே மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ, இரு பக்கமும் மாட்டினால் ஐந்து. 30 கிலோ தூக்குபவர் 35க்குப் போவது ஆறில் ஒரு பங்கு ஒரேயடியாகக் கூடுவது. 100 கிலோ தூக்குபவரைப் பார்த்து ‘அடுத்த வாரம் 117 போடு’ என்றால் சிரிப்பார். அதே தாவலைப் புதியவரிடம் யோசிக்காமல் கேட்கிறோம். அவரால் முடிவதில்லை, உடனே மாஸ்டரின் கை வருகிறது. 1.25 இருந்தால் தாவல் 2.5 கிலோவாகக் குறையும். வெறும் 20 கிலோ ராடில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு நாள் செய்து, வாரம் ஒரு தாவல் மட்டும் ஏற்றினாலே பத்து வாரத்தில் 45. நடுவில் ஒன்றிரண்டு வாரம் அதே எடையில் நின்றாலும் நஷ்டமில்லை. ஒவ்வொரு கிலோவும் சொந்தக் கிலோ. இந்தச் சின்ன பிளேட்டுகளுக்கு ஆகும் செலவு, சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடிகளில் ஒன்றின் விலைகூட இருக்காது. எந்த ஜிம் உண்மையில் புதியவருக்காக நடக்கிறது என்று அறிய வேண்டுமானால் ஏசியையும் டிரெட்மில்லையும் பார்க்க வேண்டாம். பிளேட் அடுக்கும் தாங்கியின் அடியில் 1.25 இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சந்தா அட்டையில் இன்னொரு பத்தி சேர்ப்பதும் கடினமல்ல. யார் கையும் படாமல் தூக்கிய எடை, எத்தனை ரெப் என்று அதில் மட்டும் எழுதவேண்டும். கை பட்டதை எழுதவே வேண்டாம். மூன்று மாதம் கழித்து அந்தப் பத்தியைப் படிக்கும் பையனுக்குத் தான் எங்கே தொடங்கினோம், எங்கே நிற்கிறோம் என்று தெரியும். அதைக் காட்ட அவனுக்குக் காணொளி வேண்டியதில்லை.

இந்த வழக்கம் மிக அதிகமாகக் கெடுதல் செய்வது பெண்களுக்கு. காலை நேரத்தில் வரும் பெண்களுக்கு அந்த 20 கிலோ ராடே முதல் நாளில் கனம். பெண்கள் பளுதூக்கலுக்கு என்று 15 கிலோ ராடு உண்டு, ஆனால் நம் ஊர் ஜிம்களில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எனவே பயிற்சியாளரின் கை முதல் ரெப்பிலிருந்தே ராடில் ஏறிவிடுகிறது, மாதக்கணக்கில் இறங்குவதில்லை. முகத்துக்கு மேலே இன்னொருவர் குனிந்து நிற்கும் சங்கடம் வேறு. தான் எதையும் தனியாகத் தூக்கவில்லை என்ற நினைப்போடு பலர் பெஞ்சைக் கைவிட்டு நடைமெஷினுக்குத் திரும்புகிறார்கள். ‘பெண்களுக்கு பெஞ்சில் ஆர்வமில்லை’ என்று ஜிம்மும் முடிவு கட்டிவிடுகிறது.

வழி இல்லாமல் இல்லை. தண்டால் இருக்கிறது. தசைக்குக் கிடைக்கும் வேலை சமமாக இருந்தால், எதிர்ப்புப் பட்டை கட்டிய தண்டாலும் பெஞ்ச் பிரஸ்ஸும் ஐந்து வாரத்தில் ஒரே அளவு பலத்தைக் கூட்டின என்று ஸ்பெயினில் நடந்த ஒரு ஆய்வு 2015இல் சொன்னது. முதலில் பெஞ்சின் விளிம்பில் கைவைத்துச் சாய்ந்த தண்டால், பிறகு தரையில். கூடவே கைக்கு ஐந்து கிலோ டம்பெல் வீதம் மல்லாந்து தள்ளலாம்: பத்துக் கிலோ, தனியாக, யார் கையும் படாமல். ஏறாவிட்டால் பக்கத்தில் இறக்கிவிடலாம், நெஞ்சுமேல் மாட்டிக்கொள்ளும் ராடு இல்லை. அங்கிருந்து வெறும் ராடுக்கு வர சில வாரங்கள் போதும். அந்த வாரங்களில் பயிற்சியாளர் தலைமாட்டில் நிற்க வேண்டிய தேவையே இல்லை. அவர் பக்கவாட்டில் நிற்கட்டும். முழங்கை எவ்வளவு விரிகிறது, மணிக்கட்டு மடங்குகிறதா, டம்பெல் நெஞ்சின் எந்த மட்டத்துக்கு இறங்குகிறது என்பதெல்லாம் அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.